221 சாட்சிகள்

பால்வீதி பிறந்த கதை – 9

வைகாசி மாதத்து இரவு, மணி ஒன்பது. மின்வெட்டு இருந்தால் இன்னும் நல்லது. மொட்டைமாடிக்குப் போய் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் தெரியும். ஏழு நட்சத்திரங்கள், ஒரு கரண்டி வடிவம். அந்தக் கரண்டியின் காம்பு எந்தப் பக்கம் வளைகிறதோ, அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு வந்தால், கிட்டத்தட்ட உச்சிக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று பளிச்சென்று நிற்கும்.

அதுதான் சுவாதி.

ஜாதகத்தில் பார்த்த பெயர். வீட்டில் யாருக்காவது சுவாதி நட்சத்திரம் இருக்கும். இரவு வானத்தில் பிரகாசத்தில் நான்காவது இடம் இதற்கு. 37 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வான்வெளிக் கணக்கில் அடுத்த தெரு.

1718-ல் எட்மண்ட் ஹாலி பழைய கிரேக்க நட்சத்திரப் பட்டியலை எடுத்து வைத்துத் தன் காலத்து வானத்தோடு ஒப்பிட்டார். அசையாதவை என்று எல்லோரும் நம்பியிருந்த நட்சத்திரங்களில் மூன்று இடம் மாறியிருந்தன. சுவாதி அவற்றில் ஒன்று. இன்று துல்லியமாக அளந்திருக்கிறார்கள். சுமார் 800 ஆண்டுகளில் ஒரு முழுநிலவின் அகலத்துக்கு அது நகர்ந்துவிடுகிறது.

சூரியனுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் அதன் வேகம் நொடிக்கு 120 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. அக்கம்பக்கத்து நட்சத்திரங்களில் பெரும்பாலானவை 20, 30, 40 என்று போய்க்கொண்டிருக்கும்போது இதற்கு மட்டும் என்ன அவசரம்?

கேள்வியை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவிழ்ப்போம்.

★

சென்ற வாரம் வானியலாளர் வால்டர் பாடேயை ஓர் இருட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாம் உலகப் போர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இருட்டடிப்பில் கிடந்தது. ஜெர்மன் குடிமகன் என்பதால் பாடேயைப் போர்க்கால ஆராய்ச்சி எதிலும் சேர்க்கவில்லை. மற்றவர்கள் போர்ப்பணிக்குப் போய்விட, மவுண்ட் வில்சன் மலையில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கி அவருக்கு வாய்த்தது. பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமிடாவின் மையத்தை முதன்முறையாகத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துப் படமெடுத்தார்.

1944-ல் அவர் அறிவித்தது இதுதான்: நட்சத்திரங்களில் இரண்டு குடிகள் உண்டு. விண்மீன் மண்டலத்தின் தட்டையான வட்டில், அதன் சுருள் கைகளில், வாயுவும் தூசும் மண்டிய இடத்தில் வாழும் முதல் குடி. மையத்திலும், வட்டுக்கு வெளியே நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கோளக் கொத்துகளிலும் வாழும் இரண்டாம் குடி.

இரண்டும் ஏன் பிரிந்தன என்பதற்கு அவரிடம் விடை இல்லை. முகத்தைப் பார்த்துக் குடியைச் சொல்ல முடிந்தது. பூர்வீகத்தைச் சொல்ல முடியவில்லை.

★

விஸ்கான்சின் மாநிலம். வில்லியம்ஸ் பே என்ற சிற்றூர். ஏரிக்கரையில் யெர்க்ஸ் வானாய்வகம்.

40 அங்குல லென்ஸ் கொண்ட தொலைநோக்கி அங்கே இருக்கிறது. வானாய்வுக்கு என்று பயன்பட்ட லென்ஸ் தொலைநோக்கிகளில் இன்றுவரை அதுவே பெரியது. நம்ம சந்திரசேகர் அப்போது அங்கேதான் இருந்தார். நட்சத்திரக் கூட்டங்கள் எப்படி இயங்குகின்றன என்ற கணிதத்தை 1942-ல் அவர் நூலாகவே எழுதி முடித்திருந்தார்.

அந்த வளாகத்தில்தான் 1949-ல் முனைவர் பட்டம் முடித்துவிட்டு அங்கேயே வேலையில் தொடர்ந்தார் 24 வயதுப் பெண் ஒருவர். நான்சி கிரேஸ் ரோமன்.

பள்ளியில் படிக்கும்போது, லத்தீன் வகுப்புக்குப் பதிலாக இரண்டாம் ஆண்டு அல்ஜீப்ரா வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆலோசகராக இருந்த அம்மையார், லத்தீனை விட்டுவிட்டு எந்தப் பெண் கணக்கு படிப்பாள் என்று மேலும் கீழும் பார்த்தாராம். ரோமன் இதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மறக்கக்கூடிய பார்வையா அது!

அவர் எடுத்துக்கொண்ட வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலுப்பூட்டும். சூரியனைப் போன்ற, அல்லது சூரியனைவிடச் சற்றே சூடான நட்சத்திரங்களின் நிறமாலைகளை வகைப்படுத்த வேண்டும். நட்சத்திர ஒளியை வண்ணங்களாகப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பதிவார்கள். தகட்டில் கிடைப்பது மெல்லிய ஒரு பட்டை. பட்டையின் குறுக்கே கோடுகள். இது ஹைட்ரஜன், இது கால்சியம், இந்தக் கும்பல் முழுக்க இரும்பு.

அந்தக் கோடுகளை எடை போட அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. ரோமனின் ஆசிரியர் வில்லியம் மார்கனுடைய முறை ஒன்றுதான்: தரம் தெரிந்த நட்சத்திரத்தின் பட்டையை வைத்துக்கொண்டு, தெரியாத நட்சத்திரத்தின் பட்டையைக் கண்ணால் ஒப்பிடுவது. பத்தர் உரைகல்லில் இரண்டு நகையையும் உரசி, இரண்டு கீற்றையும் மாறி மாறிப் பார்ப்பாரே, அதே வித்தை. பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும்.

ரோமனின் கண்ணுக்கு ஒன்று பிடிபட்டது.

ஒரே வெப்பநிலையில் உள்ள நட்சத்திரங்கள்தான். ஆனாலும் சிலவற்றில் உலோகக் கோடுகள் ஆழமாக இருந்தன. சிலவற்றில் மெலிந்து கிடந்தன. வலுத்த கோடு, மெலிந்த கோடு என்று இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தார்.

பிறகு செய்த காரியம்தான் வரலாறு. அந்த நட்சத்திரங்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்ற பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

கோடு வலுத்தவை சூரியனோடு சேர்ந்து சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன. கோடு மெலிந்தவை கன்னாபின்னாவென்று எல்லாத் திசையிலும், அதிக வேகத்தில்.

1950-ல் கட்டுரை வந்தது. ஒரு நட்சத்திரம் எதனால் ஆனது என்பதற்கும் அது எப்படி நகர்கிறது என்பதற்கும் தொடர்பு உண்டு.

ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்தால்தான் இதன் விபரீதம் உறைக்கும். உங்கள் ரத்த வகைக்கும் நீங்கள் நடக்கும் தெருவுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால் எப்படி இருக்கும்?

★

இந்த "வேகம்" என்ற சொல்லில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் மேலே போக முடியாது.

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம். லட்சக்கணக்கானவர்கள், ஒரே திசை, ஏறக்குறைய ஒரே நடை. நீங்களும் அதற்குள் நடக்கிறீர்கள். பக்கத்தில் வருபவர் உங்களுக்கு அசைவதாகவே தெரியாது. ஒரு கை தள்ளி அப்படியே இருப்பார். டீக்கடை வாசலில் ஒருவர் சும்மா நிற்கிறார். அவர்தான் உங்களைத் தாண்டிப் பின்னால் போவதுபோல் இருக்கும்.

சூரியன் பால்வீதியின் மையத்தை நொடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் வலம் வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகள். வட்டில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம் கூடவே நடக்கின்றன. ஆகவே நமக்கு அவை மெதுவாகத் தெரிகின்றன.

நமக்கு "அதிவேக" நட்சத்திரமாகத் தெரிவது பெரும்பாலும் டீக்கடை வாசல்காரர்தான். அது வேகமாகப் போகவில்லை. கூட்டத்தோடு வலம் வரவில்லை, அவ்வளவே. சில நட்சத்திரங்கள் சுற்றுவதே இல்லை. மையத்தை நோக்கி நேரே விழுந்து, தாண்டி, மறுபக்கம் வெகுதூரம் போய், திரும்ப விழுகின்றன. கிரிவலப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் மாதிரி.

ரோமன் கண்டது இதைத்தான். உலோகம் நிறைந்தவர்கள் கூட்டத்தோடு வலம் வருகிறார்கள். உலோகம் குறைந்தவர்கள் குறுக்கே ஓடுகிறார்கள்.

("உலோகம்" என்றதும் வேதியியல் வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற அத்தனையும் வானியலாளருக்கு உலோகம்தான். ஆக்சிஜன்கூட. நான் என்ன செய்ய?)

★

உண்மையில் உலோகம் குறைவுதானா, அல்லது வெப்பநிலையோ வேறு ஏதோ செய்யும் கண்கட்டா? இந்தச் சந்தேகம் அப்போது பலருக்கும் இருந்தது. எல்லா நட்சத்திரங்களும் ஒரே சரக்கால் ஆனவை என்பது அன்றைய நம்பிக்கை.

1951-ல் ஜோசப் சேம்பர்லின், லாரன்ஸ் ஆலர் என்ற இருவர் இரண்டு நட்சத்திரங்களை அக்குவேறு ஆணிவேறாக அலசினார்கள். எச்டி 19445, எச்டி 140283. இரும்பும் கால்சியமும் சூரியனில் இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்று கட்டுரையில் எழுதினார்கள்.

அச்சில் வந்தது அடக்கமான எண். இன்றைய அளவீட்டில் முதல் நட்சத்திரத்தின் இரும்பு சூரியனில் நூற்றில் ஒரு பங்கு. இரண்டாவதில் அதையும்விட வெகு குறைவு. ஊரே நம்பாத ஒன்றைச் சொல்ல வருபவர்கள் பத்தில் ஒன்று என்றதே பெரிய துணிச்சல்.

ஏன் குறைவு என்பதற்கு 1957-ல் விடை வந்தது. பர்பிட்ஜ் தம்பதி, வில்லியம் ஃபவுலர், ஃபிரெட் ஹாயில் ஆகிய நால்வரின் புகழ்பெற்ற கட்டுரை. தனிமங்கள் நட்சத்திரங்களின் வயிற்றில் சமைக்கப்படுகின்றன. அவை சாகும்போது வாரி இறைக்கின்றன. அடுத்த தலைமுறை அந்த உலோகம் கலந்த வாயுவிலிருந்து பிறக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை உலோகம் கூடிக்கொண்டே போகும்.

அப்படியானால் உலோகம் குறைந்த நட்சத்திரம் முன்னால் பிறந்த நட்சத்திரம். இரும்பின் அளவு ஒருவகைப் பிறப்புச் சான்றிதழ்.

பிறந்த தேதி கிடைத்தாயிற்று. பிறந்த இடம்?

★

கலிபோர்னியா, பாசடினா நகரம். 1960-களின் தொடக்கம். மூன்று பேர், மூன்று தினுசு.

ஆலன் சாண்டேஜ். ஹபிளுக்கு உதவியாளராக இருந்து, 1953-ல் ஹபிள் இறந்ததும் அவருடைய வேலையைத் தோளில் ஏற்றுக்கொண்டவர். பால்வீதி அவருக்குப் பிரபஞ்சத்தின் வயதைத் தெரிந்துகொள்ள ஒரு வாசல்.

ஓலின் எகன். நட்சத்திரப் பட்டியல்களின் பித்தர். ஒவ்வொன்றின் நிறம், தூரம், நகர்வு எல்லாவற்றையும் அளந்து அளந்து குவித்தவர். இவரைப் பற்றி ஒரு கிளைக்கதை உண்டு. நெப்டியூன் கண்டுபிடிப்பு சம்பந்தமான கிரீன்விச் வானாய்வகத்தின் மூல ஆவணங்கள் 1960-களில் காணாமல் போயின. என்னிடம் இல்லை என்றே எகன் சொல்லிவந்தார். 1998-ல் அவர் இறந்த பிறகு, சிலி நாட்டில் அவர் கடைசியாக வேலை பார்த்த இடத்தில், அவருடைய பொருள்களுக்கிடையே அந்தக் கோப்பு பத்திரமாக இருந்தது. சேகரிக்கும் ஆசை சில சமயம் எல்லை தாண்டும்.

மூன்றாமவர் டொனால்ட் லிண்டன்-பெல். இங்கிலாந்திலிருந்து ஆய்வு உதவித்தொகையில் வந்திருந்த கணக்குப்புலி. கட்டுரை வெளிவந்தபோது வயது 27.

எகனிடம் நட்சத்திரங்கள் இருந்தன. லிண்டன்-பெல்லிடம் கணக்கு இருந்தது. சாண்டேஜிடம் கேள்வி இருந்தது.

221 நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தூரமும் நகர்வும் நன்றாகத் தெரிந்தவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் வேண்டும்.

முதல் எண் உலோகத்துக்கு. இதற்கு 221 நிறமாலைகளை உட்கார்ந்து அலசத் தேவையில்லை. மார்கனும் ஹரால்ட் ஜான்சனும் 1953-ல் ஒரு சுலப வழியைத் தந்திருந்தார்கள். புறஊதா, நீலம், மஞ்சள் என்று மூன்று வடிகட்டிகள். ஒவ்வொன்றின் வழியாகவும் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று மின்கருவியால் அளந்தால் போதும்.

உலோகக் கோடுகள் புறஊதாப் பகுதியில்தான் நெருக்கமாக மொய்த்திருக்கும். ஜன்னலில் கட்டிய கொசுவலை மாதிரி வெளிச்சத்தைத் தடுக்கும். உலோகம் குறைந்தால் வலையில் இழைகள் குறைகின்றன. புறஊதா வெளிச்சம் கூடுதலாக வெளியே வரும். அந்த மிகுதியை அளந்தால் உலோகக் குறைவு தெரிந்துவிடும். அதிவேக நட்சத்திரங்களில் இந்த மிகுதி இருப்பதை முதலில் கவனித்துச் சொன்னவரும் ரோமன்தான்.

இரண்டாவது எண் பாதைக்கு. நட்சத்திரத்தின் இன்றைய இடமும் வேகமும் தெரிந்தால், பால்வீதியின் ஈர்ப்பை ஒரு மாதிரியாக எழுதிக்கொண்டு, அது எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று கணக்கிடலாம். வட்டமா, நீண்டு ஒடுங்கியதா? அந்த நீள்மைக்கு ஓர் எண்.

பிறகு வரைபடம். கிடையாகப் புறஊதா மிகுதி. செங்குத்தாகப் பாதையின் நீள்மை. 221 புள்ளிகள்.

புள்ளிகள் சிதறவில்லை. சாய்வாக ஏறின.

உலோகம் நிறைந்தவை அடியில்: வட்டத்துக்கு நெருக்கமான பாதை. உலோகம் மிகக் குறைந்தவை உச்சியில்: மையத்தைக் கிட்டத்தட்டத் தொட்டு மீளும், நீண்டு ஒடுங்கிய பாதை. வட்டுக்கு மேலும் கீழும் எவ்வளவு உயரம் போகின்றன என்று பார்த்தாலும் அதே கதை. உலோகம் குறைந்தவை எவ்வளவு உயரத்துக்கும் போய்வந்தன. உலோகம் நிறைந்தவை வட்டோடு ஒட்டிக் கிடந்தன.

★

இப்போது கொஞ்சம் மெதுவாகப் போவோம். இந்தத் தொடரில் இதுவரை வந்த வாதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சூரியனை ஒரு கடுகு என்று வையுங்கள். அந்தக் கடுகைச் சென்னையில் வைத்தால் பக்கத்து நட்சத்திரம் மாமல்லபுரத்துக்கு அருகில் இன்னொரு கடுகு. நடுவில் ஒன்றுமே கிடையாது. ஆகவே நட்சத்திரங்கள் மோதிக்கொள்வதில்லை. ஒருமுறை எந்தப் பாதையில் ஏறியதோ, பெரிய தொந்தரவு எதுவும் வராதவரை அதே பாதைதான். ஆயிரம் கோடி ஆண்டானாலும் சரி.

வாயு அப்படியல்ல. வாயு மேகங்கள் அகலமானவை. எதிரெதிரே வந்தால் முட்டும். முட்டினால் சூடாகும். சூடு வெளிச்சமாக வெளியேறிவிடும். அதோடு இயக்கமும் கொஞ்சம் கரையும். பௌர்ணமிக் கூட்டத்தில் குறுக்கே போகப் பார்ப்பவர் நாலு பேர் மேல் இடித்து, திட்டு வாங்கி, கடைசியில் வேறு வழியின்றிக் கூட்டத்தோடு நடப்பார். மேலும் கீழுமான ஆட்டம் அடங்கும். உள்ளும் புறமுமான ஓட்டம் அடங்கும். அடங்காமல் எஞ்சுவது சுழற்சி மட்டும்.

மொத்த வாயுவும் ஒரே திசையில் சுழலும் தட்டையான தட்டு. அதுதான் வட்டு.

நட்சத்திரம் வாயுவிலிருந்து பிறக்கிறது. பிறந்த கணத்தில் வாயு எந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்ததோ, அதே பாதையைக் குழந்தையும் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு வாயு மாறும். குழந்தை மாறாது.

ஆகவே, நீண்டு ஒடுங்கிய பாதையில் ஓடும் பழைய நட்சத்திரங்கள் பிறந்த நேரத்தில் வாயு இன்னும் வட்டாக அடங்கியிருக்கவில்லை. மையத்தை நோக்கி விழுந்துகொண்டிருந்தது. வட்டப் பாதையில் செல்லும் நட்சத்திரங்கள் பிறந்தபோது வாயு அடங்கிவிட்டது.

இரும்பு எப்போது என்று சொல்கிறது. பாதை எங்கே, எப்படி என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், யாருமே பார்த்திராத ஒரு காலம் கண்முன் வந்து நிற்கிறது.

எவ்வளவு வேகமாக நடந்தது இது? அதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது. கயிற்றில் கல்லைக் கட்டித் தலைக்கு மேலே சுழற்றும் பையனைப் பாருங்கள். சுழற்றிக்கொண்டே கயிற்றை மெல்ல மெல்லக் கைக்குள் சுருட்டினால் வட்டம் சிறுக்கும். ஆனால் வட்டமாகவே இருக்கும். வெடுக்கென்று இழுத்தால்தான் கோணும்.

பால்வீதி சாவகாசமாகச் சுருங்கியிருந்தால் நட்சத்திரங்களின் பாதைகள் இவ்வளவு கோணியிருக்காது. ஆகவே சரிவு வெடுக்கென்று நடந்திருக்க வேண்டும். ஒரு நட்சத்திரம் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும் நேரத்தோடு ஒப்பிடக்கூடிய காலத்துக்குள். சில பத்து கோடி ஆண்டுகள். அகலத்தில் குறைந்தது பத்து மடங்கும், உயரத்தில் குறைந்தது 25 மடங்கும் பெரிதாக இருந்த ஒரு வாயு மேகம், சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் சடாரென்று விழுந்து தட்டையானது.

1962 நவம்பரில் கட்டுரை வெளிவந்தது. எகன், லிண்டன்-பெல், சாண்டேஜ். மூன்று பெயர்களின் முதல் எழுத்தை வைத்து "ஈஎல்எஸ்" என்று சொன்னால் போதும், இன்றும் எந்த வானியல் மாணவருக்கும் புரியும்.

பால்வீதி எப்படிப் பிறந்தது என்பது அதுவரை கற்பனைக்கு உரியது. அன்றிலிருந்து அது அளவீட்டுக்கு உரியதாயிற்று.

★

ஆனால் ஒரு சாட்சி பேசுவதைக் கேட்கும்போது, அவரைக் கூண்டுக்கு அழைத்து வந்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

221 நட்சத்திரங்களும் இரண்டு மூட்டைகளிலிருந்து வந்தன. ஒரு மூட்டை, சூரியனுக்கு அருகில் உள்ள சாதாரண நட்சத்திரங்கள். மற்றது, வேகமாக நகர்கின்றன என்பதாலேயே கண்ணில் பட்டுப் பட்டியலில் ஏறியவை.

உலோகம் மிகக் குறைந்த நட்சத்திரங்கள் பெரும்பாலும் இரண்டாவது மூட்டையில் இருந்தன. அவை அபூர்வம், ஓடியதால்தான் அகப்பட்டன. ஊரில் ஓடுகிறவர்களை மட்டும் பிடித்து உட்கார வைத்துவிட்டு, இந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லோருமே ஓடுகிறார்கள் என்று சொன்னால் எப்படி? திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவரை யாரும் கூப்பிடவே இல்லையே!

1985-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் நோரிஸ், மைக்கேல் பெசல், ஆண்ட்ரூ பிக்கிள்ஸ் மூவரும் அந்தக் கிழவரைத் தேடிப் போனார்கள். வேகத்தைப் பார்க்காமல், உலோகக் குறைவை மட்டும் வைத்து நட்சத்திரங்களைப் பொறுக்கினார்கள். உலோகம் மிகக் குறைந்தும், வட்டத்துக்கு நெருக்கமான பாதையில் சமர்த்தாக நடக்கும் நட்சத்திரங்கள் அகப்பட்டன. 1962 வரைபடத்தில் காலியாகக் கிடந்த மூலை அது.

இன்னொரு அடி அதற்கு முன்பே, 1978-ல், அதே பாசடினாவிலிருந்து விழுந்திருந்தது. லியோனார்ட் சேர்ல், ராபர்ட் சின் என்ற இருவர் 19 கோளக் கொத்துகளை வைத்து வேறொரு கதை சொன்னார்கள். ஒரே மேகம் சரிந்தது அல்ல, துண்டு துண்டாக வந்து சேர்ந்தது என்ற கதை. அதற்குத் தனியே ஒரு வாரம் வேண்டும்.

இன்னும் பெரிய அதிர்ச்சி 2018-ல் வந்தது. நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளக்க அனுப்பிய கையா விண்கலம் தந்த தகவலின்படி, நீண்டு ஒடுங்கிய பாதையில் ஓடும் உலோகக் குறைவான நட்சத்திரங்களில் பெரும்பகுதி பால்வீதியில் பிறந்ததே அல்ல. இதற்குமேல் இப்போது சொல்லமாட்டேன். அந்தத் தகவல் தொகுப்பு ஏப்ரல் 25 அன்று வெளியானது. லிண்டன்-பெல் அதே ஆண்டு பிப்ரவரியில் காலமாகிவிட்டார். ரோமன் அந்த டிசம்பர் 25 வரை இருந்தார். 93 வயது.

என்னைக் கேட்டால், ஈஎல்எஸ் கட்டுரையின் முடிவு பாதி அடிபட்டுப் போயிற்று. முறைக்கு ஒரு கீறலும் இல்லை. இன்றைக்கு லட்சக்கணக்கான நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு உலகெங்கும் செய்வது இதையேதான். ஓர் அச்சில் வேதியியல், மறு அச்சில் பாதை. கூண்டுக்கு வரும் சாட்சிகளின் வரிசைதான் நீண்டுவிட்டது.

★

சுவாதியிடம் திரும்பி வருவோம்.

அதன் இரும்பு சூரியனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. பால்வீதியின் மையத்தை அது நம் திசையிலேயே வலம் வருகிறது. ஆனால் நொடிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் பின்தங்கி. டீக்கடை வாசலில் நிற்கவில்லை. குறுக்கே ஓடவும் இல்லை. கால் வலிக்காரர் போலப் பாதி வேகத்தில் கூடவே வருகிறது. நாம் முந்திக்கொண்டு போவதால்தான் நம் வானத்தில் அது விழுந்தடித்து ஓடுவதுபோல் தெரிகிறது. ஹாலி கண்ட நகர்வின் பெரும்பகுதி இதுதான்.

சுவாதி தனியாளும் இல்லை. இதே தாமத நடையில் போகும் ஒரு கூட்டமே இருக்கிறது என்று 1971-ல் ஒருவர் பட்டியலிட்டார். வேறு யார், எகன்தான்.

ஈஎல்எஸ் கணக்கில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சுலபமான இடம் உண்டு. வாயு விழுந்து, அடங்கி, வட்டாவதற்கு நடுவே பிறந்தவர்கள். சாய்கோட்டின் மத்தியில் ஒரு புள்ளி. தொடர்ச்சியாக நடந்த ஒரு சரிவில் இடைப்பட்ட ஒரு கணம்.

உண்மையிலேயே அது தொடர்ச்சிதானா?

1983-ல் ஜெரார்ட் கில்மோர், நீல் ரீட் என்ற இரண்டு இளைஞர்கள் ஆஸ்திரேலிய மலை ஒன்றில் எடுத்த புகைப்படத் தகடுகளை வைத்துக்கொண்டு நட்சத்திரங்களை எண்ண ஆரம்பித்தார்கள். பால்வீதியின் வட்டுக்குச் செங்குத்தாக, அதன் தென் துருவத் திசையில். வட்டைவிட்டு மேலே போகப் போக நட்சத்திரங்கள் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். முதல் மூவாயிரம் ஒளியாண்டுகள் வரை அப்படித்தான் குறைந்தன. அதைத் தாண்டியதும் கணக்கு உதைத்தது. இருக்கக் கூடாத உயரத்தில், வட்டைச் சூழ்ந்த ஒளிவட்டத்தில் குறுக்கே ஓடும் நாடோடிகளும் அல்லாத, நம் வட்டின் ஆட்களும் அல்லாத யாரோ கூட்டமாகக் குடியிருந்தார்கள்.

யார் அவர்கள்? சுவாதி அந்த வீட்டுப் பிள்ளைதானா?

(தொடரும்)